தீமோவின் பெயர் வருகிற இடம்

ஆரணி,
வியாழக்கிழமை

என் செல்ல மகள் எப்சிபாவுக்கு உன் அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சோறு தின்று, தூங்கி எழுந்து, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீ எங்களைவிட நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. வழக்கமாகக் கடிதத்தின் தலையில் ஸ்தோத்திரம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். போனில் பேசாமல் எதற்கு இந்தக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் எல்லாம் அப்பா காதில் விழுகிறது, வீடியோவில் என் மூஞ்சி உனக்குத் தெரிகிறது, இரண்டும் இல்லாமல் பேச எனக்குக் காகிதம்தான் கிடைத்தது. உன்னோடு வேலை செய்கிற வேலூர்ப் பெண் லீவு முடிந்து கிளம்புகிறாளாம், அவளுடைய அம்மா போன் செய்தார்கள். அவள் கையில் இதையும் பருப்புப் பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி பிடித்துக்கொள்ளும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, சர்ச்சுக்குப் போனாயா என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். நீ எப்போதும்போல ம் என்று சொல்லியிருந்தால் நானும் எப்போதும்போல விட்டிருப்பேன். நீ, "தம்பி போனதுலேர்ந்து நான் போகலம்மா, உன் மனசு கஷ்டப்படும்னு போனேன் போனேன்னு சொல்லிகினு இருந்தேன்" என்றாய். அதோடு நிற்காமல், "நீ இன்னும் நம்புறியாம்மா? எனக்காகச் சொல்லாத, நெஜமாச் சொல்லு" என்றும் கேட்டுவிட்டாய். நான் சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நீ சர்ச்சுக்குப் போகவில்லை என்பதில் எனக்குக் கோபம் இல்லை. நீ கேட்ட கேள்வி நான் இத்தனை மாதமாக எனக்குள் மூடி வைத்திருந்த கேள்வி. அதை நான் பெற்ற பெண்ணே வந்து திறந்தால் என்ன செய்வேன்? அன்றைக்கு முழுக்கக் கை வேலையில் ஓடவில்லை. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எங்கே போய் முடியும் என்று தெரியாது. சுற்றி வளைத்துப் போனாலும் பொறுத்துக்கொண்டு படி.

முதலில் ஊர்ச் சேதி சொல்கிறேன். பங்குனி பிறப்பதற்கு முன்னாலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கரண்ட் வேறு மத்தியானமானால் போய்விடுகிறது. அப்பாவின் தறிக்கு முதலாளி கல்யாணப் புடவைக்கான பட்டு நூல் பாவு கொடுத்திருக்கிறார், அரக்கு உடம்பு, பச்சை பார்டர், கட்டப்போகிற பெண் யாரோ, நன்றாக இருக்கட்டும். நானும் பாவு பிணைக்கப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன், பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைக்கிற அந்த வேலையில் எனக்கு இப்போது ஒரு சௌகரியம், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கலாம், யாரும் முகத்தைப் பார்த்து எப்படியிருக்கிறாய் என்று கேட்க முடியாது. பக்கத்து வீட்டு சாவித்திரி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் எங்களுக்குச் சொல்லாமல் தன் கோயிலில் அவனுக்காக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாளாம், போன மாதம்தான் சொன்னாள். "உங்க சாமி கேக்கலைன்னா எங்க சாமியாவது கேக்கும்னு நெனச்சேங்க, ரெண்டும் கேக்கல" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். சபையில் எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், அவள் சொன்னதுதான் எனக்குக் கொஞ்சம் ஒட்டியது. இதை ஆயரிடம் போய்ச் சொல்ல முடியுமா சொல்.

போன வருஷம் ஈஸ்டர் அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அப்பா சபையில் சாட்சி சொன்னார் என்பது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். வேலூரில் தம்பியின் ரத்தப் புற்றுக்கு வைத்தியம் ஒரு கட்டம் முடிந்ததும், "இப்போதைக்கு ரத்தம் நல்லா இருக்கு, ரிவ்யூவுக்கு வந்துடுங்க" என்று டாக்டர் சொன்னார். நல்லா இருக்கு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம், இப்போதைக்கு என்பதை அங்கேயே பெஞ்சில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம், வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், கையில் வாங்கிய பிறகு சொல்வது கடைக்காரனுக்குச் சொல்லுகிற நன்றி, வாங்குவதற்கு முன்னால் சொல்வதுதான் விசுவாசம் என்று நம் வீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசினார். அப்பா எதையும் லேசில் பிடித்துக்கொள்ளாத மனிதர், பிடித்துக்கொண்டால் விடமாட்டார். நீகூட போனில், ரிவ்யூ முடியட்டுமே அப்பா என்று சொன்னாய், ஆண்டவருக்கு நன்றி சொல்ல ரிப்போர்ட் வேணுமா என்று உன் வாயை அடைத்துவிட்டார். ஈஸ்டர் ஆராதனையில் சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று ஆயர் கேட்டதும், கமிட்டிக் கூட்டத்தில்கூட வாய் திறக்காத உன் அப்பா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "எம் பையன ஆண்டவர் சுகமாக்கிட்டாரு, இனிமே வேலூருக்குப் போற வேலையே இல்ல" என்றார். சபை முழுக்க அல்லேலூயா, அழாதவர்கள் இல்லை. அன்றைக்கு மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துப் பிரியாணி போட்டோம். தலையில் முடி அப்போதுதான் பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது, தம்பியே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினான். அடுப்படிக்கு வந்து என் காதில், "அப்பா சபையில சொல்லிட்டாரும்மா, இனிமே நான் சாகவே முடியாது போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆடியில் காய்ச்சல் திரும்ப வந்தது, ஐப்பசி மழையில் போய்விட்டான். உனக்கு டிக்கெட் கிடைக்காமல், அவன் சிநேகிதன் ஜெயக்குமார் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நின்று அடக்கத்தை உனக்குக் காட்டினான். அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு அவனும் இறங்கி மண் தள்ளினான், அதற்கு மேல் நீ பார்க்கவில்லை, பார்க்காததே நல்லது. அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் மறைத்தேன். பெண்கள் சங்கத்தில் ஒரு அம்மா, "சாட்சிய கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம், பிசாசு காதுல வுழுந்துடுச்சி" என்றாள். இன்னொருத்தி, விசுவாசம் எங்கேயோ குறைந்துவிட்டது போல என்றாள். ஒருத்திக்கு நாங்கள் அதிகமாக நம்பிவிட்டோம், இன்னொருத்திக்குக் குறைவாக நம்பிவிட்டோம், சரியான அளவு எது என்று அளந்து காட்ட அவர்களிடம் படி இல்லை. எனக்கு வாய் இருக்கிறது, இதை அவர்களிடமே கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் இந்தப் பேச்சு எப்படியோ அப்பா காதுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் சபைக்கு வருவதில்லை. ஆயர் வீடு தேடி வந்தார், அப்பா நாற்காலி போட்டு, காபி கொடுக்கச் சொல்லி, எல்லா மரியாதையும் செய்துவிட்டு, "சபை நடுவுல நின்னு பொய்ச்சாட்சி சொன்னவன் ஐயா நானு, இன்னா மூஞ்ச வெச்சிகினு அங்க வந்து ஒக்கார்றது" என்று முடித்துவிட்டார். அவருக்கு ஆண்டவர்மேல் கோபம் என்றால் நான் சமாளித்திருப்பேன். அவருக்கு வெட்கம், எப்சி. பெற்ற பிள்ளையைப் புதைத்த மனிதன் அழாமல் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டில் சாயங்கால ஜெபம் நடப்பது உனக்கு மறந்திருக்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா தறியை நிறுத்திவிட்டுக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு வந்து பாயில் உட்காருவார், நாம் சுற்றி உட்காருவோம். அவர் ஜெபத்தில் வரிசை ஒருநாளும் மாறாது. ஆயர், சபையார், முதலாளி, தெருவில் நோயாக இருப்பவர்கள், அப்புறம் எப்சிபா, அப்புறம் தீமோத்தேயு, கடைசியில் இந்த அடியான். உங்கள் பெயர் வரும்போது நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு சிரிப்பீர்கள், நான் கண்ணைத் திறக்காமலே தொடையில் தட்டுவேன். அடக்கம் முடிந்த பிறகு அந்த நேரத்தில் அப்பா தறிக்குழியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, குழிக்குள் காலை விட்டபடி நாடா அடித்து நெய்துகொண்டே இருப்பார். சரி, நானாவது செய்கிறேன் என்று நான் தனியாக உட்கார்ந்தேன். அதே வரிசையில் சொல்லிக்கொண்டு வந்து, எப்சிபாவுக்கு அந்த ஊரில் துணையாயிரும், தீமோத்தேயுவுக்கு நல்ல சுகத்தைக் கொடும் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. தறிச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி ஆரம்பித்தது. மறுநாளும் அதேபோல வந்தது. அதற்கு மறுநாள் எச்சரிக்கையாக உன் பெயரோடு நிறுத்தினேன், நிறுத்தினால் மேலே போக முடியவில்லை, மாடிப்படியில் ஒரு படி இல்லாததுபோல நெஞ்சு தடுக்கியது. அவன் பிறந்ததிலிருந்து ஒருநாள் விடாமல் சொன்ன பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆராதனை முடிந்து ஆயரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை, கேட்டதும் அவர் கண்ணும் கலங்கியது. "மரிச்சவங்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம்ம சபையில இல்லைங்கம்மா, தம்பி ஆண்டவர் கையில இருக்காரு, இனிமே அவருக்கு ஒரு குறையும் இல்ல, நீங்க நன்றி மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் படித்தபடி அது சரியான பதில்தான். ஆனால் நான் அவனுக்குக் குறை இருக்கிறதா என்று கேட்கவில்லையே, அவன் பெயரை என்ன செய்வது என்றுதானே கேட்டேன். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதைப் பேச வேண்டுமோ அதைப் பேசக் கூடாது என்றால் மற்றதைப் பேசி என்ன பிரயோசனம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கண்ணை மூடினால் எதிரில் ஒருவரும் இல்லாததுபோல இருந்தது. சுவரோடு பேசுகிறேனா, இத்தனை வருஷமும் சுவரோடுதான் பேசினேனா என்று பயம் பிடித்துக்கொண்டது. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரிந்தது, பாட்டுப் பாடினால் என் குரல்தான் எனக்குக் கேட்டது. ஆள் வராத கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒவ்வொரு சாயங்காலமும் உட்கார்ந்தேன். இதை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நெஜமாச் சொல்லு என்று கேட்டாயே, அதனால் உனக்குச் சொல்கிறேன். நீ எங்கே நிற்கிறாயோ அங்கேதான் உன் அம்மாவும் நின்றிருந்தாள்.

இந்த லெந்து காலத்தில் நம் வீட்டு முறை வந்தபோது அப்பா கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜெயக்குமார் வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, அதே ஜெயக்குமார்தான். அவன் பெண்சாதி பவித்ராவுக்கு மாசம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்து, வேலூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கை அகலம்தான் இருந்ததாம். சபையில் அவனையும் சூழ்ந்துகொண்டுவிட்டார்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்று இப்போதே எழுந்து சாட்சி சொல், சொன்னால் நடக்கும் என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். அவன் மத்தியான வேளையில் நேராக நம் வீட்டுக்கு வந்து, தறிக்குழிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, எங் கொழந்தைக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றான். அப்பா நிமிரவே இல்லை. "எஞ் ஜெபம் இன்னா ஆச்சின்னு நீ பாக்கலியா? குழியில மண்ணு தள்னவன் நீதானடா, வேற எங்கனா போ" என்றார். பிள்ளை எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை. "அதனாலதான் வந்தேன் பெரியப்பா. எல்லாரும் பொழைச்சிக்கும் பொழைச்சிக்கும்னு சொல்லிகினு கீறாங்க. பொழைக்கலன்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியல. அது தெரிஞ்ச வீடு இதான்" என்றான். சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அப்பா கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார். அப்புறம் கையை ஊன்றி மேலே ஏறினார், குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார், வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார். "சுகமாக்கும்னு கேக்க எனக்கு வாய் வராதுடா" என்றார். அவன், கேட்க வேண்டாம் பெரியப்பா, சும்மா அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். பெயர் என்ன என்று கேட்டார், இன்னும் வைக்கவில்லை என்றான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வேறு விதமாக ஜெபிக்கத் தெரியாது எப்சி, பழைய வரிசையிலேயே ஆரம்பித்தார். ஆயர், சபையார், முதலாளி, தெருவில் நோயாக இருப்பவர்கள், எப்சிபா என்று வந்து, தீமோத்தேயு என்று சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. என் வாய் செய்த அதே தப்பை அவர் வாயும் செய்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் போகவில்லை. மறுபடியும் கொஞ்சம் உரக்கவே, "தீமோத்தேயுவ" என்றார். "பேர் வைக்காத இந்தக் கொழந்தைய" என்றார். "இவங்களையெல்லாம் நீங்க பாத்துகினு இருக்கீங்களா இல்லியா எனக்குத் தெரியல. பாத்துகினு இருந்தா கைய வுட்டுடாதீங்க. ஆமென்" என்று முடித்துவிட்டார். அவ்வளவுதான் ஜெபம். ஜெயக்குமார் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வேலூருக்கு பஸ் ஏறப் போனான்.

நீ நர்ஸ், என்ன ஆகியிருக்கும் என்று உனக்கே தெரிந்திருக்கும். உனக்கு எழுத என்னிடம் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த வாரக் கடைசியிலேயே குழந்தை போய்விட்டது. ஜெயக்குமார் சாட்சி எதுவும் சொல்லியிருக்கவில்லை, அந்த மட்டும் அவன் தப்பினான். செய்தி வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார், தம்பியைப் புதைத்த பிறகு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு அவர் போனது அன்றுதான். ஜெயக்குமாரால் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அவனுடைய ஆட்டோவை வேறொருவர் ஓட்ட, அப்பாதான் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். அங்கேயும் ஒரு அம்மா, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டதே, என்ன ஆகுமோ என்று ஆரம்பித்தாள். அப்பா திரும்பி, "வாய மூடிகினு ஒரு பிடி மண்ணு போடும்மா" என்றார். ஆயர் அதைக் கேட்டும் கேட்காததுபோல ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அப்பா தறியில் இறங்கினார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, இதோடு முடிந்தது, இனி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கப் போவதில்லை என்றே நினைத்தேன். ஒரு தடவை கேட்டு நடக்கவில்லை, கைவிடாதே என்று மட்டும் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை, இதற்கு மேல் மனிதன் என்ன செய்வான். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, தறி நின்றது, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்பாவே வந்து பாயை விரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, போய் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது. சந்தோஷமான ஜெபம் என்று நினைத்துக்கொள்ளாதே, பாட்டுக் கிடையாது, சில நாள் அவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார், சில நாள் ஆண்டவரையே அதட்டுவதுபோலப் பேசுகிறார். சில நாள் ஜெயக்குமாரும் பவித்ராவும் வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், அந்தப் பெண் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சபைக்கு அப்பா இன்னும் வரவில்லை, வருவாரா என்று தெரியாது. தம்பியும் அந்தப் பெயர் வைக்காத குழந்தையும் தினமும் ஜெபத்தில் வருகிறார்கள், அவர்களுக்காக ஒன்றும் கேட்பதில்லை, நினைத்துச் சொல்வதோடு சரி. இது சபை ஒழுங்குக்குச் சரியா தப்பா என்று நான் இனி யாரையும் கேட்கப் போவதும் இல்லை. இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முன்னே நம்பினதுபோல நம்புகிறேனா என்றால், இல்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது, அது இனி வருமா என்றும் தெரியாது. பிள்ளையை எடுத்துக்கொண்டவர்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுகிறேன். ஆனால் விட்டுவிட மட்டும் மனசு வரவில்லை, எப்சி. அவரை விட்டால் தம்பியைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்? இதற்கு விசுவாசம் என்று பெயரா, வேறு பெயரா, படித்தவர்கள் சொல்லட்டும். என் கையில் இருப்பது இவ்வளவுதான், இருப்பதை மறைக்காமல் உனக்குக் காட்டிவிட்டேன்.

நீ சர்ச்சுக்குப் போ என்று இதை எழுதவில்லை. போகாவிட்டால் போகவில்லை என்றே சொல், எனக்காகப் பொய் சொல்லாதே, இந்த வீட்டில் ஒருத்தர் பொய் சொல்லிவிட்டோமே என்ற வேதனையைப் படுகிறார், அது போதும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, டியூட்டி முடிந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே, வாரத்துக்கு ஒரு தடவையாவது அப்பாவிடம் நேராகப் பேசு, அவர் ரெண்டு வார்த்தைதான் பேசுவார், அதற்காக வைத்துவிடாதே. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளிகளையும் காக்கட்டும், மனசு நிறைந்து எழுத முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ சர்ச்சுக்குப் போகிறதை விட்டுவிட்டாய் என்று அப்பாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவ நம்பலன்னா பரவால்ல, அவ பேர நான் எடுக்க முடியாது, அவ பேர சொன்னாதான் அவன் பேரு எனக்கு வாய்ல வருது" என்றார். அதனால் நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும், இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில், உன் தம்பிக்கு முன்னால் உனக்கு ஒரு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்க ஏங்கியிருக்கும் அம்மா,
ஞானசுந்தரி